உப்பளத்தில் 14 நிமிடம்: ஓர் ஆவணப்படம் எடுக்கப் பழகிய குறிப்புகள்

தூத்துக்குடிக்காரர்களுக்கு உப்பளம் என்பது பேருந்துச் சன்னல் வழியே கடந்துபோகும் ஒரு வெள்ளை. திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் போனாலும் சரி, வடக்கே தருவைகுளம், வேப்பலோடை பக்கம் போனாலும் சரி, அந்த வெள்ளை கூடவே வரும். இருபது ஆண்டுகளாக அதே சாலையில் வேலைக்குப் போய் வருகிற எனக்கு, பாத்தியில் குனிந்து நிற்கும் ஒருவரின் வேலை காலையில் எதில் தொடங்கி எதில் முடிகிறது என்று நான்கு வாக்கியம் சொல்லத் தெரியாது. ஆவணப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வந்தபோது முதல் படத்துக்கு வேறு இடம் தேடவில்லை. எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உப்பளத்தில் வேலை செய்கிறவர். அக்கா என்றே நான் அழைக்கும் அவரிடம் போய்க் கேட்டேன். "எங்களப் போயி என்ன எடுக்கப் போறீங்க தம்பி? வெயில்தான் இருக்கும்" என்றார். அதற்குப் பிறகு, "வாங்க, ஆனா மேஸ்திரிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றும் சொன்னார்.

மேஸ்திரியிடமும், அளத்து முதலாளியிடமும், அந்தப் பாத்திகளில் வேலை செய்யும் மற்ற ஒன்பது பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன். இதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தை வீண் என்று நான் இன்றைக்கும் கருதவில்லை. ஒருவர் தன் முகம் படத்தில் வரக் கூடாது என்றார், காரணம் கேட்கவில்லை. படம் எங்கே காட்டப்படும், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் எப்போது வரை சொல்லலாம் என்பதையெல்லாம் அவரவர் பேச்சிலேயே விளக்கி, அவர்கள் சம்மதம் சொல்வதை ஒலிப்பதிவாக வைத்துக்கொண்டேன். கையெழுத்து வாங்கும் தாளை நீட்டியிருந்தால் அந்த இடத்தில் பாதிப் பேர் விலகியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். தினக்கூலிக்குப் போகிறவருக்குத் தாள் என்றாலே ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்தின் மேல் நின்றுகொண்டு படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வடகிழக்குப் பருவமழை அளத்தை மூன்று மாதம் ஏரியாக்கிவிடும். ஜனவரியில் மழைத்தண்ணீரை வெளியேற்றி, படிந்த வண்டலை அள்ளி, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகாவிட்டால் உப்பில் மண் ஏறும். இந்த மாதம் முழுவதும் வீடியோவைத் தொடுவதில்லை, புகைப்படம் மட்டுமே, அதுவும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றோடு, நாளைக்கு 36 படம் மட்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். பழைய ஃபிலிம் சுருளில் 36 படம்தான் இருக்கும் என்பதால் அந்த எண். எண்ணிக்கைக்கு எல்லை இருந்தால்தான் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் கண் வேலை செய்கிறது.

முதல் நாள் 36 படத்தையும் வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தபோது, போன ஆண்டு குவித்து ஓலை மூடி வைத்திருந்த உப்பு அம்பாரம் சாம்பல் குவியலாகத் தெரிந்தது. கண்ணால் பார்க்கும்போது கூசிய வெள்ளை எங்கே போயிற்று என்று விளங்கவில்லை. காரணம் கேமராவின் ஒளிமானியில் இருக்கிறது. எதிரே இருக்கும் பொருள் வெள்ளையா கறுப்பா என்று அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும், அது ஏறக்குறைய 18 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பும் நடுச்சாம்பல் என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சாம்பலாகவே பதியும்படி ஒளியளவைச் சொல்கிறது. ஆகவே படச்சட்டம் முழுக்க உப்பு இருந்தால் உப்பையும் சாம்பலாக்கிவிடும். ஒளியை இரண்டு மடங்காக்குவது ஒரு ஸ்டாப். மறுநாள் கேமரா சொன்ன அளவுக்கு மேல் ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப், இரண்டு ஸ்டாப் என்று ஒரே அம்பாரத்தை மூன்று முறை எடுத்தேன். ஒன்றரையில் உப்பு உப்பாயிற்று. இரண்டில் படிகங்களின் விளிம்பெல்லாம் கரைந்து வெறும் வெள்ளைத் தாளாயிற்று. நல்ல வெயிலில் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 100 என்றால், லென்ஸின் துளை எஃப் 16, ஷட்டர் திறந்திருப்பது நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒன்றரை ஸ்டாப் கூட்டிய படத்தின் எண்கள் அந்தக் கணக்கின் அருகிலேயே வந்து நின்றதைப் பார்த்தபோது, மானி இல்லாத காலத்துக்காரர்கள் வெயிலையே மானியாக வைத்திருந்தார்கள் என்பது புரிந்தது.

வெள்ளையைச் சரிசெய்தவுடன் முகம் கெட்டது. உப்புக்கு அளவு வைத்தால் அக்காவின் முகம் இருண்டது. முகத்துக்கு வைத்தால் பின்னால் இருக்கும் உப்பு எரிந்தது. இதற்கு விடை கேமராவுக்குள் கிடைக்கவில்லை, நான் நிற்கும் இடத்தில்தான் கிடைத்தது. அம்பாரத்தைப் பின்னணியாக வைக்காமல், வரப்பு, ஈரக் களிமண், வானத்தின் நீலம் ஆகியவற்றில் ஒன்று முகத்துக்குப் பின்னால் வரும்படி நகர்ந்து நின்றேன். அதோடு இன்னொன்றையும் கவனித்தேன். உச்சி வெயிலில் எடுத்தால் கண்குழியில் நிழல் விழும், ஆகவே நண்பகலில் முகம் எடுக்காதே என்று எல்லாப் பாடத்திலும் சொல்வார்கள். உப்பளத்தில் அது முழு உண்மை ஆகாது. தலையில் துண்டைக் கூரை மாதிரி முன்னால் இழுத்துவிட்டிருக்கும் பெண்களின் முகத்தில், கீழே கிடக்கும் உப்பிலிருந்து எழும்பும் வெளிச்சம் தாடையிலிருந்து மேலாகப் பரவி, கண்குழி நிழலைக் கரைத்துவிடுகிறது. அந்த முகங்களுக்கு அந்த ஒளிதான் சொந்தம். அதே வெளிச்சம்தான் அவர்கள் கண்ணையும் கெடுக்கிறது என்பதை அக்கா பிற்பாடு சொன்னார்.

பிப்ரவரியில் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் பக்கம் பல அளங்களில் ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர்தான். கடல்நீரின் அடர்த்தி, உப்புநீரை அளக்கும் போமே அளவில், ஏறக்குறைய மூன்றரை டிகிரி இருக்கும். பாத்திக்கு வரும் உப்புநீரைத் தெப்பம் என்ற தேக்கத்தில் நிறுத்தி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்த்தி, வெயிலிலும் காற்றிலும் சுண்ட வைக்கிறார்கள். வழியிலேயே ஜிப்சம் படிந்துவிடும். 25 டிகிரிக்கு வரும்போது பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்குகிறது. 29, 30 என்று ஏறிவிட்டால் மிச்சத் தண்ணீரில் மக்னீசிய உப்புகள் மிகுந்து கசப்பேறும். அதை நஞ்சோடை என்று சொல்லி வெளியே விட்டுவிடுவார்கள். மேஸ்திரி ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரை மொண்டு, அதற்குள் டிகிரிமானியை மெதுவாக விட்டு, அது ஆடி அடங்கும் வரை மூச்சை அடக்கியவர் போல் நிற்பதை நான் ஏழு முறை எடுத்திருக்கிறேன். ஏழிலும் அவர் கண் ஒரே மாதிரி சுருங்குகிறது.

சுண்டச் சுண்ட அந்தத் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். உப்பில் மட்டுமே வாழ விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகுவதால் வரும் நிறம் அது. என் வீடியோவில் அந்தச் சிவப்பு ஐந்து நொடிக்கு ஒருமுறை மங்கியும் தெளிந்தும் வந்தது. வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டிருந்தேன். சட்டத்துக்குள் சிவப்பு கூடும்போதெல்லாம் கேமரா அதைக் குறையாக நினைத்து நீலத்தைக் கூட்டிச் சரிசெய்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து பகல் வெளிச்சத்துக்கான 5600 கெல்வின் என்று நிலையாக வைத்துவிட்டேன். விடியற்காலை நீலம் நீலமாகவே, மாலை மஞ்சள் மஞ்சளாகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்த பிறகு, வண்ணத்தைப் பற்றிய பாதிக் கவலை தீர்ந்தது. என் கேமரா 8 பிட் பதிவு மட்டுமே செய்யும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான் அதில் உண்டு. 10 பிட்டில் 1024. படி குறைவாக இருக்கும்போது, எடுக்கும்போதே சரியாக எடுத்தால்தான் உண்டு. பிறகு இழுத்துச் சரிசெய்யப் போனால் வானத்தில் வரிவரியாகப் பட்டை விழும்.

மார்ச்சில் வீடியோவை முறையாகத் தொடங்கினேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், குழல்விளக்கு வெளிச்சத்தில் படம் துடிக்காமல் இருக்க நொடிக்கு 25 சட்டம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று முடிவு செய்தேன். வீட்டுக்குள்ளே இது எளிது. அளத்தில், ஐஎஸ்ஓ 100 வைத்தும் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டருக்கு எஃப் 22 வரை லென்ஸை மூட வேண்டியிருந்தது. அவ்வளவு மூடினால் படத்தின் கூர்மை போய்விடும். சென்சாரில் ஒட்டிய ஒவ்வொரு தூசியும் வானத்தில் புள்ளியாக நிற்கும். எஃப் 5.6-இல் எடுக்க நான்கு ஸ்டாப் ஒளியைக் குறைத்தாக வேண்டும். அதற்கு என்டி 16 என்ற சாம்பல் கண்ணாடி போதும். அதை வாங்கிப் போட்ட நாளில்தான், உப்பை இழுக்கும் வாருபலகையைப் பிடித்திருக்கும் கையின் அசைவு துண்டுதுண்டாகத் தெறிக்காமல் ஓடியது.

இரண்டாவது வாரத்தில் எடுத்ததையெல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது, அழகான படங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. ஒரு வேலைகூட முழுதாக இல்லை. தலையில் பெட்டியோடு நடக்கிறார். பெட்டி எங்கே நிறைந்தது என்பது இல்லை. பலகை இழுக்கிறார், எதற்காக இழுக்கிறார் என்பது இல்லை. சூரியன் எங்கே அழகாக இருக்கிறதோ அங்கே ஓடியிருக்கிறேன். அதற்குப் பிறகு கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, விடியற்காலை நாலரை மணிக்குப் போய் எட்டு மணி வரை வரப்பில் உட்கார்ந்து, யார் எதை எதற்குப் பிறகு செய்கிறார்கள் என்று மூன்று நாள் நோட்டில் எழுதினேன். பிறகு ஒரு நாளைக்கு ஒரு வேலை மட்டும் என்று எடுத்தேன். முதலில் இடம் விளங்கும்படி தூரத்திலிருந்து, அடுத்து ஆளும் கருவியும் சேர்ந்து, அடுத்து கை, அடுத்து கை தொடும் பொருள், அடுத்து முகம், கடைசியாக அந்த வேலை முடிந்த பிறகு அந்த இடம் எப்படி இருக்கிறது என்பது. ஒவ்வொரு படத்தையும் அசைக்காமல் குறைந்தது பத்து நொடி பிடிக்க வேண்டும் என்று பழகுவதற்கே ஒரு மாதம் ஆயிற்று. மனத்துக்குள் பத்து எண்ணுவேன். ஐந்தாவது எண்ணிலேயே கை நகரத் துடிக்கும். கேமரா அசையாமல் நிற்கும்போதுதான் சட்டத்துக்குள் நடப்பது தெரிகிறது. முகம் காட்ட விரும்பாதவரின் கைகளும் கால்களும்தான் இன்றைக்குப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெடித்த பாதத்தின் ஓரத்தில் உப்பு ஒரு வெள்ளைக்கோடாகப் படிந்திருக்கும்.

மே மாதம் ட்ரைபாட் இறுகிப்போயிற்று. பாத்தித் தண்ணீர் சில அங்குல ஆழம்தான் என்று கவலையில்லாமல் அதில் நிறுத்தியிருந்தேன். வீட்டுக்கு வந்து துணியால் துடைத்ததோடு சரி. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கால்களை நீட்டும் திருகு வளையங்களில் இரண்டு அசையவே இல்லை. இடுக்கியால் திருகினால் பிளாஸ்டிக் உடையும். ஆகவே கீழ்ப்பகுதியை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஒரு வாளியில் இரவு முழுக்க நிறுத்தி வைத்தேன். இறுக்கியது எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, உப்பு. உப்பைக் கரைக்கத் தண்ணீரைவிடச் சிறந்தது எது இருக்கிறது? காலையில் ரப்பர் கையுறை போட்டுத் திருகியபோது ஒன்று வழிவிட்டது; மற்றது இன்னொரு வாளித் தண்ணீருக்குப் பிறகு வழிவிட்டது. கழற்றும் ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். குழாய்க்குள் இரண்டு பாதியாகப் பிரியும் பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கிறது. அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது மறந்தால் திரும்பப் பூட்டவே முடியாது. மரையில் வெள்ளைப் பொடி மாதிரி அலுமினியம் அரித்திருந்த இடங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, மிச்சத்தை மெல்லிய உப்புத்தாளால் வழித்து, நிழலில் ஒரு நாள் முழுக்க உலர்த்தி, மரையில் மட்டும் சிலிக்கான் கிரீஸை மிக மெல்லிதாகத் தடவிப் பூட்டினேன். கிரீஸ் அதிகமானால் மணல் ஒட்டிக்கொள்ளும்.

அது திரும்ப நடக்காமல் இருக்க, இரண்டு அங்குல பிவிசி குழாயை ஒரு அடி நீளத்துக்கு மூன்று துண்டாக வெட்டி, அடியில் மூடி வைத்துப் பசை போட்டு ஒட்டினேன். ட்ரைபாட்டின் ஒவ்வொரு காலையும் ஒரு குழாய்க்குள் இறக்கிவிட்டால் தண்ணீர் தொடாது. களிமண்ணிலும் கால் புதையாது. தண்ணீர்க் குழாய்ப் பொருள் விற்கும் கடையில் எல்லாம் சேர்ந்து ஒரு சாப்பாட்டுச் செலவுதான் ஆயிற்று. கேமராவைப் பொறுத்தவரை, அளத்தில் லென்ஸ் மாற்றுவதே இல்லை என்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறையும், உலர்ந்த துணியால் ஒருமுறையும் உடலைத் துடைத்த பிறகுதான் பையில் வைப்பேன். உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும்.

ஜூனில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழுந்தது. உப்புக்கு அது நல்ல காலம். தண்ணீர் வேகமாகச் சுண்டும். என் ஒலிக்கு அது கெட்ட காலம். அக்காவின் சட்டைக் காலரில் மைக் மாட்டி எடுத்த நாற்பது நிமிடப் பேச்சில் ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை. மைக்கோடு வந்த சின்னப் பஞ்சு உறை இந்தக் காற்றுக்குப் போதாது. மைக்கின் சவ்வில் காற்று நேராக மோதினால் அதை மென்பொருளால் பேச்சிலிருந்து முழுதாகப் பிரித்தெடுப்பது கடினம். காற்று சவ்வுக்கு வந்து சேரும் முன்பே அதன் வேகத்தை உடைக்க வேண்டும். துணிக்கடையில் பொம்மை தைக்கும் நீளமயிர்த் துணி கால் மீட்டர் வாங்கினேன். ரெக்கார்டரின் தலையைச் சுற்றிப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சைக் குடைந்து பொருத்தி, பஞ்சுக்கும் மைக்குக்கும் இடையில் ஒரு விரல் அகலம் வெற்றிடம் விட்டு, அதற்கு மேல் மயிர் வெளிப்பக்கம் இருக்கும்படி அந்தத் துணியைப் பைபோலத் தைத்து மாட்டினேன். அந்த வெற்றிடம்தான் முக்கியம். உறை மைக்கோடு ஒட்டியிருந்தால் உறையின் அசைவே இரைச்சலாகிவிடும். ரெக்கார்டரில் தாழ்ந்த அதிர்வுகளை வடிக்கும் பொத்தானையும் 80 ஹெர்ட்ஸில் போட்டேன். காலர் மைக்கை சட்டைக்கு உள்பக்கம், துணி உரசாதபடி இரண்டு பக்கமும் மருத்துவ ஒட்டுநாடா வைத்து ஒட்டச் சொல்லி அக்காவின் மகளிடம் கொடுத்தேன். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் அங்கே பெண்கள் வேலை செய்கிறார்கள் என்பது மைக்குக்கு மறைவிடமாக உதவியது.

உறை மாட்டிய முதல் நாள், காதில் ஹெட்போனோடு வரப்பில் நின்றேன். காற்று எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. அதற்கு முன்னால் நான் கேட்டேயிராத ஒன்று கேட்டது: வாருபலகை தண்ணீருக்கடியில் உப்பைக் கீறிக்கொண்டு வரும் ஓசை. கோலமாவைச் சலிப்பது போலத் தொடங்கி, பலகையின் முன்னால் உப்பு சேரச் சேரக் கனத்து, கடைசியில் ஒரு நீளமான முனகலாக நின்றது. அன்று படம் எதுவும் எடுக்கவில்லை. அந்த ஓசையை மட்டும் அருகில், தூரத்தில், தண்ணீர் மட்டத்தில் என்று மூன்று வகையாக எடுத்தேன். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாத ஒரு நிமிட வெறும் ஒலியையும் எடுத்து வைத்தேன். எடிட்டிங்கில் இரண்டு பேச்சுக்கு நடுவே வெட்டு விழும் இடத்தை அந்த ஒரு நிமிடம்தான் மூடுகிறது. காது தன் வேலையைச் சரியாகச் செய்தால் கண் பல குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். படம் கொஞ்சம் ஆடினாலும் பார்ப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்துபோய்விடுவார்கள்.

நேர்காணலை அக்காவின் வீட்டில் ஒரு மாலையில் வைத்துக்கொண்டோம். மின்விசிறியை நிறுத்தினோம்; குளிர்பதனப் பெட்டியையும் அணைத்து, திரும்பப் போட மறக்கக் கூடாது என்று என் வண்டிச் சாவியை அதற்குள் வைத்தேன். இந்த யோசனை படப்பிடிப்புக்காரர்களிடையே வழிவழியாக வருவது. கேள்வியைப் பற்றி நான் கற்றது இவ்வளவுதான்: "கஷ்டமா இருக்குமா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் விடை வரும், "முதல் நாள் அளத்துக்குப் போனது ஞாபகம் இருக்கா அக்கா, அன்னைக்கு நடந்ததச் சொல்லுங்க" என்றால் ஒரு காட்சி வரும். அவர் பேசி முடித்த பிறகும் நான் வாயைத் திறக்காமல் ஐந்து நொடி காத்திருப்பேன். கண்ணைப் பற்றி அவர் சொன்னது அப்படிப்பட்ட ஒரு மௌனத்துக்குப் பிறகு வந்ததுதான். "வீட்டுக்கு வந்து கதவத் தொறந்தா, கொஞ்ச நேரத்துக்கு உள்ள ஒண்ணுமே தெரியாது தம்பி. கறுப்பா இருக்கும். பேரன் கூப்புடுற சத்தத்த வச்சுத்தான் அவன் எங்க நிக்கான்னு பாப்பேன்." படத்தின் தொடக்கம் இந்த வாக்கியம்தான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

ஜூலை கடைசியில் எண்ணிப் பார்த்தால் 9 மணி 40 நிமிடப் பதிவு சேர்ந்திருந்தது. நொடிக்கு 100 மெகாபிட் என்ற தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். ஆக மொத்தம் 435 ஜிபி. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்தவுடன் இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, இரண்டிலும் திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை அழிப்பேன். இரண்டாவது டிஸ்க் தம்பி வீட்டில் இருக்கும். இந்த இடத்தில் ஏ.கே.செட்டியாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்த அந்த மனிதர், 1937-இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க எண்ணி, நாடு நாடாக அலைந்து சுமார் 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்து 1940-இல் படத்தை வெளியிட்டார். 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஒவ்வொரு அடிக்கும் காசு. எனக்கு 9 மணி 40 நிமிடம் எடுக்கப் பணம் ஆகவில்லை. அதனாலேயே அதில் பாதி எடுக்காமல் விட்டிருக்க வேண்டியது.

எடிட்டிங்கை டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் செய்தேன். என் கணினி பழையது. மூலக்கோப்புகளைச் சிறிய நகல்களாக மாற்றி வெட்டிவிட்டு, கடைசியில் மூலத்தோடு இணைத்தேன். அதற்கு முன், பேச்சு முழுவதையும் அவர் சொன்ன சொல்லிலேயே, "நிக்கான்" என்பதை "நிற்கிறான்" என்று திருத்தாமல், நேரக்குறிப்போடு கையால் எழுதினேன். 31 பக்கம் வந்தது. அதில் வேண்டியதைக் கத்தரித்துத் தரையில் பரப்பி, முதலில் ஒலியை மட்டுமே 16 நிமிடத்துக்கு அடுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கதை விளங்க வேண்டும் என்பது என் அளவுகோல். விளங்கிய பிறகுதான் அதன் மேல் படத்தை வைத்தேன். ஒரு காட்சி முடிவதற்கு முன்னாலேயே அடுத்த காட்சியின் ஒலியை இரண்டு நொடி முந்தி நுழைய விட்டால், வெட்டு கண்ணில் தைப்பதில்லை. பலகையின் ஓசை முதலில் இருட்டில் கேட்கிறது, பிறகுதான் விடிகிறது. பின்னணி இசை போட்டுப் பார்த்து மூன்று நாளில் எடுத்துவிட்டேன். அந்த ஓசைக்குப் பக்கத்தில் வேறெதுவும் நிற்கவில்லை.

செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அக்காவின் வீட்டுச் சுவரில் வேட்டி கட்டி, இரவல் புரொஜெக்டரில் படத்தைப் போட்டேன். அளத்திலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். யாருக்கும் பிடிக்காத காட்சி இருந்தால் எடுத்துவிடுவது என்பது தொடக்கத்திலேயே பேசிக்கொண்டது. 14 நிமிடம் ஓடி முடிந்தது. முகம் காட்ட வேண்டாம் என்றவர் தன் கையை அடையாளம் கண்டு சிரித்தார். அக்கா மட்டும் கடைசிப் பகுதியை இன்னொரு முறை போடச் சொன்னார்.

"தம்பி, இதுல நாங்க உப்பு வாருறோம்னு காட்டியிருக்கீங்க. அன்னைக்கு வாரலயே. கலைச்சுல்லா விட்டோம்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் தரையில் விரலால் பாத்தி வரைந்து சொன்னார். உப்பு பூக்கத் தொடங்கியதும் அது தரையோடு ஒட்டிப் பாளமாக இறுகிவிடும். அப்படி இறுகாமல் இருக்கப் பலகையால் அவ்வப்போது கீறிக் கலைத்துவிட வேண்டும். அப்போது பலகை லேசாகத்தான் போகும். உப்பு ஓரத்துக்கு வராது. வாருவது என்பது வேறு: அன்று பலகையில் முழுப் பாரமும் இறங்கும், முதுகு வளையும், உப்பு வரப்போரம் திரண்டு வரும், அங்கே வடிந்த பிறகு பெட்டியில் அள்ளித் தட்டுமேட்டில் கொட்டுவார்கள். மார்ச்சில் நல்ல விடியல் ஒளியில் எடுத்த கலைத்துவிடும் காட்சியை, ஒளி அழகாக இருந்தது என்பதற்காக, நான் அறுவடையாகக் கடைசியில் வைத்திருந்தேன். பார்க்கிற வேறு எவருக்கும் அது தெரிந்திருக்காது. அந்த அறையில் இருந்த ஏழு பேருக்கும் தெரிந்தது. மற்ற ஆறு பேரும் மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்கள்.

மறுபடி டைம்லைனைத் திறந்து, அந்தக் காட்சியை ஐந்தாவது நிமிடத்துக்கு, டிகிரி பார்க்கும் காட்சிக்குப் பின்னால் கொண்டுபோனேன். கடைசிப் பகுதிக்கு ஜூலையில் மேகமூட்டத்தில் எடுத்து, வெளிச்சம் சப்பென்று இருக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்த உண்மையான வாருதலை எடுத்து வைத்தேன். மேகத்தில் உப்பு வெள்ளையாக மின்னவில்லை. ஆனால் வளைந்த முதுகும், பலகையின் கைப்பிடியில் வெளுத்த விரல் முட்டிகளும் தெளிவாகத் தெரிந்தன. ஓசையையும் மாற்ற வேண்டியிருந்தது. கலைக்கும்போது வருவது கோலமாவு ஓசை. வாரும்போது வருவது அந்த முனகல். இரண்டையும் நான் ஒரே ஓசை என்று நினைத்துக் கலந்திருந்தேன். பிரித்து அந்தந்த இடத்தில் வைக்க இரண்டு இரவு ஆயிற்று. படம் 14 நிமிடம் 20 நொடியாயிற்று.

மழைக்கு முன்னால், அக்டோபர் முதல் வாரம், அதே வேட்டியில் திரும்பப் போட்டேன். இந்த முறை அக்கா எதையும் திருத்தவில்லை. கடைசிப் பகுதியில் பலகை வரப்பை நெருங்கும்போது மட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரனிடம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார்.